நாலு பேருக்கு ஒரு கையெழுத்து

1. எண்ண வந்தவள்

புதிய மேசைக்கு மாறிய முதல் நாள் காலையில் தோர்ஸ்தைன் என் முன்னால் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

"முந்நூறு இருக்கோ எண்டு பார். இருந்தா முத்திரை குத்து. இல்லாட்டி என்னட்டைக் கொண்டுவா."

எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். தோர்ஸ்தைன் என் மேலாளர். ஆறடிக்கு மேல் உயரம், கெட்ட மனிதர் இல்லை, ஆனால் சிக்கல் என்ற வாசனை பட்டால் கதவைச் சாத்திக்கொள்வார். அவர் பேசியது நோர்வேஜிய மொழியில்தான். பல வருடம் கூட வேலை செய்ததில் அவர் குரல் என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழிலேயே கேட்கப் பழகிவிட்டது. அப்படியே எழுதுகிறேன். நோர்வேஜியர்கள் சண்டைக்கு வந்தால் வரட்டும்.

நான் வேலை செய்தது நகரசபை உறுப்பினர்களுக்குக் கூட்டத் தாள்கள் தயாரித்துக் கொடுக்கும் ஒரு கந்தோரில். அதற்கு முன்பு அதே கட்டடத்தின் தபால் அறையில் ஆறு வருடம் கடிதம் உடைத்தேன். பரமேஸ்வரி என்ற பெயரை அங்கே யாரும் முழுதாகச் சொன்னதில்லை. பரம் என்பார்கள். எனக்கு அது ஆண்பிள்ளைப் பெயராகப் படும். திருத்தித் திருத்திக் களைத்துப்போய் விட்டுவிட்டேன்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஒஸ்லோவில் பிறந்து, இங்குள்ள கந்தோர்களில் வேலைக்குச் சேரும் எங்கள் பிள்ளைகள் சிலர், "அன்ரி, அங்கை என்னதான் செய்தனீங்கள்?" என்று கேட்கிறார்கள். எண்ணினேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சில நாடுகளில் மக்களே கையெழுத்துச் சேர்த்து, வாக்குச்சீட்டில் போட்டு, ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிடலாம். நோர்வேயில் அது இல்லை. இங்கே இருப்பது அதைவிடச் சின்ன உரிமை. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் உள்ளூராட்சிச் சட்டத்தில் புதிதாக ஒரு பிரிவு சேர்ந்தது. நகரத்தில் வசிக்கும் முந்நூறு பேர் கையெழுத்திட்டு ஒரு விடயத்தை முன்மொழிந்தால், நகரசபை அதை எடுத்துப் பேசி, ஆம் அல்லது இல்லை என்று ஆறு மாதத்துக்குள் தீர்மானிக்க வேண்டும். மேசை லாச்சிக்குள் போட்டு மறந்துவிட முடியாது. கையெழுத்துப் போடக் குடியுரிமை கூட வேண்டியதில்லை. இன்பிக்கர்ஃபோர்ஸ்லாக் என்பது அதன் நோர்வேஜியப் பெயர். நான் குடியிருப்பாளர் முன்மொழிவு என்று சொல்லிக்கொள்வேன்.

இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் கேட்டால் அது வெறும் கடிதம். நன்றி, பார்த்தோம் என்று பதில் போடலாம். முந்நூறாவது ஆள் சேர்ந்தால் சபை வாய் திறந்தாக வேண்டும். அந்த ஒரு ஆள் இருக்கிறாரா இல்லையா என்று பார்ப்பதுதான் என் வேலை.

2. தடாகத்துக்காக வந்த இருவர்

அந்தப் பிரிவு வந்து இரண்டொரு வருடம் ஆகியிருக்கும். ஒரு நவம்பர் திங்கட்கிழமை, வரவேற்பிலிருந்து அழைத்து, "உன்ரை மொழி கதைக்கிற ஒருத்தர் வந்திருக்கிறார்" என்றார்கள். போய்ப் பார்த்தால் நடா அண்ணை.

நடராசா என்பது முழுப் பெயர். ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் இருக்கிறார். கோயிலில் கண்டு பழக்கம். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஒரு தொழிற்சாலையில் பத்து வருடமாக ஈரத் துணி மூட்டை தூக்கி நடு முதுகு போய்விட்டது. அவருக்குப் பக்கத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு நோர்வேஜியப் பெண் கைத்தடியுடன் நின்றார். அவர் பெயர் அஸ்த்ரிட். முன்பு டிராம் ஓட்டியவர். இடுப்பு எலும்பில் வாதம். இருவரையும் சேர்த்து வைத்தது ரொம்சோஸ் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்த வெந்நீர் நீச்சல் தடாகம். வியாழக்கிழமை மாலைகளில் நோவுக்காரருக்கு அதைத் திறந்துவிடுவார்கள். செலவைக் குறைக்க அதை மூடுவதென்று அடுத்த வருட வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது.

"தண்ணிக்குள்ளை நிக்கேக்கைதான் தங்கச்சி எனக்கு நோ இல்லை" என்றார் நடா அண்ணை. "கிழமைக்கு ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்தை வச்சுத்தான் மிச்ச நாள் வேலைக்குப் போறன். அதையும் மூடினா, வேலையை விட்டிட்டு வீட்டிலை படுக்க வேண்டியதுதான்."

அஸ்த்ரிட் ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தார். "முந்நூற்று நாற்பது பேர். நான் எண்ணிப் பார்த்திட்டன். நீயும் எண்ணு."

வேறு எந்த மாதமாக இருந்தாலும் அவசரமில்லை. ஆனால் இந்தச் சட்டத்துக்கு ஒரு முடிச்சு இருக்கிறது. ஒரு விடயத்தைச் சபை தீர்மானித்துவிட்டால், அதே விடயத்தை அடுத்த தேர்தல் வரை முன்மொழிவாகக் கொண்டுவர முடியாது. வரவுசெலவுக் கூட்டம் டிசம்பரில். அதற்கான தாள்கள் கட்டப்படும் நாள் மறு கிழமை வெள்ளி. அன்றையும் சேர்த்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் முத்திரை விழாவிட்டால் தடாகம் கேட்பாரற்று மூடப்படும். தேர்தல் வந்து திரும்பக் கேட்கும்போது அங்கே தடாகத்தின் தரை ஓடுகளையே கழற்றியிருப்பார்கள்.

3. எழுபத்துமூன்றாவது வரி

இரண்டு கட்டுகள். அஸ்த்ரிட் சேர்த்தது நூற்றிருபத்தெட்டு. மிச்சம் இருநூற்றுப் பன்னிரண்டும் நடா அண்ணை கொண்டுவந்தவை, அநேகமாக எல்லாம் எங்கள் ஆட்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. தோர்ஸ்தைன் கோப்பிக் கோப்பையுடன் வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"முந்நூற்று நாற்பது. காணும். முத்திரையைக் குத்திப்போட்டுச் சாப்பிடப் போ."

சாப்பிட்டுவிட்டு வந்து விலாசங்களை ஒருமுறை பார்த்துக் குத்துவோம் என்று இருந்தேன். நடா அண்ணையின் கட்டில் எழுபத்துமூன்றாவது வரியில் என் பெயர் இருந்தது.

பெயர், விலாசம், பிறந்த வருடம், கையெழுத்து, எல்லாம். நான் அதில் கையெழுத்து வைக்கவில்லை. இந்தக் கட்டை அதற்கு முன் கண்ணால் கண்டதுமில்லை. மேல் வரியில் என் கணவர் சிவநேசன். கீழே என் மகனும் மகளும். நாலு பேரும் ஒரே பேனா, ஒரே சரிவு, கடைசி எழுத்தின் வாலை வலப்பக்கம் இழுத்துவிடும் ஒரே இழுப்பு. அந்த வாலை எனக்குத் தெரியும். பதினெட்டு வருடமாகக் கடைச் சிட்டைகளில் பார்த்துவருகிறேன்.

பிறகு மற்ற வரிகளைப் பார்த்தேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு கை. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஐந்து பெயரும் அப்பாவின் எழுத்து. ஒருவர் மாமியாரையும் சேர்த்து ஏழு போட்டிருந்தார். கையெழுத்து இடத்தில் மட்டும் ஒவ்வொன்றுக்கும் சின்னதாக வேறு வேறு சுழி. சுழி மாறினாலும் கை மாறவில்லை. பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். இருநூற்றுப் பன்னிரண்டு பெயருக்கு எழுபது கைகள் இருந்தன. எழுபதும் நூற்றிருபத்தெட்டும் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

அந்தக் கந்தோரில் வேறு யாரும் இதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. எங்கள் நீட்டுப் பெயர்களைப் பார்த்தாலே அவர்களுக்குக் கண் கட்டும், எழுத்தின் சரிவை யார் பார்க்கப் போகிறார்கள். நான் முத்திரையை எடுத்துக் குத்தினால் நடா அண்ணைக்குத் தடாகம் கிடைக்க வழி உண்டு. முத்திரை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வெளிக்கிட்டேன்.

4. வீட்டில்

"என்னப்பா, என்ரை பேரை ஆர் எழுதினது?"

சிவநேசன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எந்தப் பேர்?"

"சுவிமிங் பூலுக்கு நடா அண்ணை சேர்த்த கையெழுத்து."

"ஓ, அதுவோ. நான்தான். கோயில் வாசல்லை மேசை போட்டு நிண்டவர். வீட்டிலை எத்தினை பேர் எண்டு கேட்டார். நாலு எண்டு சொல்லி எழுதினனான்."

"என்னட்டைக் கேட்டனீங்களோ?"

"நல்ல விசயத்துக்குத்தானே போட்டது. நீர் வேண்டாம் எண்டு சொல்லுவீரோ?"

"சொல்ல மாட்டன். ஆனா கேட்டிருக்கலாம்."

"இதுக்கெல்லாம் ஆரப்பா கேக்கிறது? அர்ச்சனைக்குப் பேர் குடுக்கேக்கை கேட்டுக்கொண்டோ குடுக்கிறன்?"

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அவர் சொன்னதில் முழு விளக்கமும் இருந்தது. கோயிலில் அர்ச்சனைக்கு வரிசையில் ஒருவர் நிற்பார். வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் அவர் சொல்ல, ஐயர் எல்லோருக்குமாகச் சேர்த்து மந்திரம் சொல்லுவார். உங்கள் மனைவி சம்மதமா என்று ஐயர் கேட்பதில்லை. கடவுளும் கேட்பதில்லை. நடா அண்ணை மேசை போட்டது அந்த வரிசைக்குப் பக்கத்தில். அதே மனிதர்கள், அதே வாய்ப்பழக்கம். தட்டுக்குப் பதிலாகப் படிவம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒருவரும் களவு செய்வதாக நினைத்து எழுதவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுத் தன் பெயரை மட்டும் எழுதுவதுதான் அவர்களுக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

இருந்தாலும் அன்றிரவு நித்திரை சரியாக வரவில்லை. தடாகத்தை மூட வேண்டும் என்று நிற்கும் உறுப்பினர் ஒருவர் இந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதுதான் யோசனை. இந்த ஒரு பட்டியல் விழுவதோடு நிற்காது. இனி ஒவ்வொரு முறையும் கறுத்த மனிதரின் பெயர் வந்தால் இரண்டு தரம் திருப்பிப் பார்ப்பார்கள். இன்னொரு பயமும் இருந்தது, அதைச் சொல்ல வெட்கம். என்னுடைய வேலை போகும்.

5. நத்தார் அட்டை

மறுநாள் காலை தோர்ஸ்தைனின் அறைக்குப் போய்ச் சொன்னேன். என் பெயரையும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை.

"இது மோசடி. முழுக்கத் திருப்பி அனுப்பு. செல்லாது எண்டு ரெண்டு வரி எழுது, நான் கையெழுத்து வைக்கிறன்."

"மோசடி இல்லை."

"வேறை என்ன?"

"குடும்பம்."

அர்ச்சனையைப் பற்றிச் சொன்னேன். ஐயர், தட்டு, நட்சத்திரம் எல்லாவற்றையும் நோர்வேஜிய மொழியில் விளக்கியதில் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் கழற்றி வைத்த கண்ணாடியைக் கையில் எடுத்தார்.

"எங்கடை வீட்டு நத்தார் அட்டை எல்லாத்திலையும் என்ரை மனுசிதான் என்ரை பேரையும் எழுதிறவ" என்றார், கிறிஸ்துமஸ் வாழ்த்தைச் சொல்லி. "ஆருக்குப் போகுது எண்டும் எனக்குத் தெரியாது." கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "ஆனா நத்தார் அட்டையை நாங்கள் நகரசபைக்கு அனுப்பிறேல்லை, பரம்."

"ஓம். அதாலைதான் அந்தப் பேருகளை எண்ண ஏலாது எண்டு நானே சொல்லுறன். ஆனா எழுபது பேர் உண்மையா வச்சிருக்கினம். அந்தப் பக்கம் நூற்றிருபத்தெட்டு. பிழை இருந்தா என்ன பிழை எண்டு சொல்லித் திருத்த நாள் குடுக்க வேணும். அது எங்கடை கடமை எண்டு நிர்வாகச் சட்டத்திலை இருக்கு."

"பத்து நாளிலை நூறு பேரைக் கொண்டுவருவினமோ?"

"கொண்டுவராட்டி அது அவையின்ரை பாடு. நாங்கள் சொல்லாமல் விட்டா அது எங்கடை பாடு."

சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அந்தப் பக்கத்தில் பேருந்துச் சீட்டை வைத்திருந்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு மூன்று விடயம் சொன்னார். அவகாசம் கொடுக்கலாம். என் வீட்டார் பட்டியலில் இருப்பதால் இறுதி எண்ணிக்கையை நான் செய்யக் கூடாது, பக்கத்து அறையில் இருப்பவள் செய்வாள். மூன்றாவது ஒரு கேள்வி.

"பிள்ளையளின்ரை பேரும் கிடக்கு. ஒன்பது வயசுப் பிள்ளை கையெழுத்து வைக்கலாமோ?"

சட்டத்தில் குடியிருப்பாளர் என்று மட்டும்தான் இருந்தது, வயது இல்லை. சட்டப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தோம். அங்கிருந்த இளம் வழக்கறிஞர் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, வயது எல்லை எதுவும் இல்லை, பிள்ளை தானே வைத்தால் செல்லும் என்றார். தோர்ஸ்தைன் தொலைபேசியை வைத்துவிட்டு, "கடவுளே, நாங்கள் என்ன சட்டம் போட்டு வச்சிருக்கிறம்" என்றார். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

6. காட்டிக் குடுக்கிறீரோ

அன்று மத்தியானமே இருவரையும் வரச் சொன்னேன். அஸ்த்ரிட்டுக்கு நோர்வேஜியத்திலும் நடா அண்ணைக்குத் தமிழிலும் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"இது உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது? வெள்ளையளுக்குத் தெரியாதே."

"நான்தான் சொன்னனான், அண்ணை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, நீரே எங்களைக் காட்டிக் குடுக்கிறீரோ?"

போருக்குள்ளிருந்து வந்த எங்கள் ஊர் ஆட்களுக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கந்தோரில் அழுவதில்லை என்று வைத்திருந்தேன், அன்று தவறியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னேன்.

"அண்ணை, என்ரை மனுசன் என்ரை பேரையும் எழுதினவர். முதல்லை நான் வெட்டினது என்ரை பேரைத்தான். நாளைக்கு ஒருத்தன் இதைப் பிடிச்சா, பூலும் போகும், உங்கடை பேரும் போகும். இப்ப பிடிச்சது நான். திருத்த நாள் இருக்கு."

அஸ்த்ரிட்டுக்குத் தமிழ் ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் நாற்பது வருடம் டிராமில் சனங்களின் சண்டையைப் பார்த்தவர். கைத்தடியால் தரையில் தட்டினார்.

"எத்தினை வேணும்?"

"நூற்றிரண்டு."

"எந்தெந்த வீடு எண்டு தா. அவருக்கு முதுகு ஏலாது, எனக்கு இடுப்பு ஏலாது. ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆள் வரும்."

நடா அண்ணை விடைபெறாமலே போனார். பட்டியலின் பிரதியை மட்டும் கோட்டுப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

7. வாசலில் நின்றவர்கள்

அடுத்து நடந்தது நான் நேரே கண்டதல்ல. பத்தாம் நாள் இருவரும் புதுக் கட்டுடன் வந்து சொன்னது.

ரொம்சோஸ், ஸ்டோவ்னர், ட்வெய்ட்டா என்று மாலை மாலையாக அடுக்குமாடி ஏறியிருக்கிறார்கள். முதல் வீட்டிலேயே விளங்கிவிட்டதாம், இது சும்மா திருத்த வேலை இல்லை என்று. கதவைத் திறந்த மனைவி, "அவர் வேலையிலை, வந்தாப் போல வாங்கோ" என்றாராம். நடா அண்ணை, "இல்லைப் பிள்ளை, உம்மைத்தான் பாக்க வந்தனாங்கள்" என்றிருக்கிறார். அந்தப் பிள்ளை பயந்துபோய்ச் சங்கிலியை மாட்டிக்கொண்டு என்ன பிரச்சினை என்று கேட்டிருக்கிறது.

பிறகு உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி வைத்துப் படிவத்தை வாங்கி வாசிப்பார்களாம். வாசித்தால் கேள்வி வரும். எத்தனை மணிக்குத் திறப்பார்கள், பெண்களுக்கு வேறு நேரம் உண்டோ, மூடினால் மிச்சப்படும் காசு எங்கே போகும். கணவன்மார் ஒரு நிமிடத்தில் ஏழு பெயர் எழுதிய இடத்தில் மனைவிமார் ஒரு பெயர் எழுத அரை மணித்தியாலம் எடுத்தார்கள். அஸ்த்ரிட்டுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. ஒரு மாலையில் ஆறு தேத்தண்ணியும் எண்ண முடியாத அளவு பலகாரமும் என்றார். ஒரு வீட்டில் ஏழு வயதுப் பிள்ளை தன் பெயரை மூன்று வரியை அடைத்து எழுதியிருந்தது. அது ஒன்றாகத்தான் எண்ணப்பட்டது.

சிலர் மறுத்தார்கள். முதல் மறுப்பு நடா அண்ணையின் சொந்த வீட்டில்.

அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வெளியிலை எத்தினை பேரிட்டை வாங்கினன், தங்கச்சி. வீட்டிலை ஒண்டு கிடைக்கேல்லை."

அவர் மனைவி கமலாக்கா முதியோர் இல்லமொன்றில் விடிய முதல் வேலைக்குப் போகிறவர். முந்திய மாரியில் வீட்டிலிருந்து டி-பானே என்ற சுரங்க ரயில் நிலையத்துக்கு இறங்கும் படிகளில் ஐஸில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர். படிவத்தை ஆறுதலாக வாசித்துவிட்டு அஸ்த்ரிட்டின் முன்னால் சொன்னாராம்:

"அந்தப் படிக்கு ஒரு கைபிடி போடச் சொல்லி நான் எத்தினை தரம் சொன்னனான். அதுக்கு ஆர் மேசை போட்டது? நான் இதிலை வைக்க மாட்டன்."

"முதல்லை நான் என்ரை கையாலை எழுதேக்கை அவ வீட்டிலைதான் இருந்தவ" என்றார் நடா அண்ணை. "கேட்டிருந்தா அண்டைக்கே இல்லை எண்டு சொல்லியிருப்பா. நான் கேக்கேல்லை."

பழையதில் செல்லும் பெயர்களையும் புதுக் கட்டையும் சேர்த்துப் பக்கத்து அறைக்காரி எண்ணினாள். நான் அவள் கதவுக்கு வெளியே, தபால் பார்ப்பது போல் நின்றேன். முந்நூற்றுப் பதினொன்று. முத்திரை விழுந்த சத்தம் கேட்டபோது எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்கவில்லை. தோர்ஸ்தைன் தன் லாச்சியிலிருந்த சொக்கலேட்டை எல்லோருக்கும் உடைத்துக் கொடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிச் செய்து நான் கண்டதில்லை. என் பெயர் அந்த முந்நூற்றுப் பதினொன்றில் இல்லை. கந்தோர் வேலையையும் கையெழுத்தையும் கலக்க வேண்டாம் என்று விட்டேன். சிவநேசனுக்கு அது இன்றைக்கும் விளங்கவில்லை.

8. நாலு நிமிடம்

டிசம்பர் கூட்டத்தன்று பார்வையாளர் மாடத்தில் இருவரும் முன்வரிசையில் இருந்தார்கள். நடா அண்ணை கலியாண வீட்டுக் கோட்டுடன் வந்திருந்தார். தலைவர் விடய எண்ணை வாசித்தார். ஒருவர் எழுந்து காசில்லை என்றார், இன்னொருவர் காசுண்டு என்றார். அஸ்த்ரிட் எழுதிய இரண்டு பந்தியையும் ஒருவர் சத்தமாக வாசித்தார். வாக்கெடுத்தார்கள். தடாகத்தை அடுத்த வருடமும் திறந்து வைப்பது, செலவைக் குறைக்கப் பள்ளி விடுமுறைகளில் மட்டும் மூடுவது என்று முடிவானது. எல்லாம் நாலு நிமிடம்.

படியில் இறங்கும்போது நடா அண்ணை கேட்டார். "இவ்வளவுதானோ, தங்கச்சி?"

"இவ்வளவுதான், அண்ணை."

"நான் பெரிய சண்டை நடக்கும் எண்டு நினைச்சன்."

"சண்டையெல்லாம் நீங்கள் வீடு வீடாப் போய் முடிச்சிட்டியள்."

அவர் சிரித்தார். காட்டிக் கொடுப்பது பற்றிப் பிறகு ஒருநாளும் பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நான் எதிர்பார்க்கவுமில்லை. அடுத்த வியாழன் முதுகு நோவுடன் தண்ணீருக்குள் இறங்கினார் என்று கேள்விப்பட்டேன், அது எனக்குப் போதும்.

9. கமலாக்காவின் பை

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். இப்படியான உரிமையை யாரும் வந்து சத்தம் போட்டுப் பறிப்பதில்லை. என்னைப் போல மேசையில் இருக்கும் ஒருத்தி, பார்த்தும் பாராமலும் முத்திரை குத்தினால் அது கெடும். பிழையைக் கண்டதும் முழுக்கத் திருப்பி அனுப்பினாலும் கெடும். வீட்டிலுள்ளவர்களுக்காக நாமே எழுதினால் அதைவிட மோசமாகக் கெடும். ஏனென்றால் அங்கே கெடுப்பவர்கள் நல்ல மனதோடு கெடுக்கிறார்கள். பெயரை எண்ணுகிறவர்கள் அந்தப் பெயருக்குப் பின்னால், "இல்லை" என்று சொல்லக்கூடிய ஒரு ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இதைத் தவிர என் வேலையில் பெரிய நுட்பம் ஒன்றுமில்லை.

அடுத்த வருட இலையுதிர் காலத்தில் கமலாக்கா ஒரு பையுடன் தனியாக வந்தார். படிக்குக் கைபிடியும், விடிய முதல் மணல் போட ஒரு ஆளும் வேண்டும் என்ற முன்மொழிவு. நிலையத்துக்குள் போகும் வழியில் தினமும் காலை கால் மணித்தியாலம் நின்று சேர்த்திருக்கிறார். வேலைக்குப் போகும் சோமாலியர், பாகிஸ்தானியர், நோர்வேஜியர், எங்கள் ஆட்கள், எல்லோரும். நான் ஒவ்வொரு வரியாகச் சரிவு பார்த்தேன். முந்நூற்று இருபத்தாறு பெயர், முந்நூற்று இருபத்தாறு கை. அதில் நடா அண்ணையுடையதும் ஒன்று. கேட்டு வாங்கியதுதான் என்றார்.

அவருடைய முன்மொழிவு தோற்றது. அந்தப் படி யாருடைய பொறுப்பு என்பதில் தொடங்கி, காசில்லை என்பதில் முடிந்தது. ஒரு சின்னக் கட்சியைத் தவிர மற்றெல்லோரும் எதிர்த்துக் கை உயர்த்தினார்கள். நான் அன்று வேலை முடித்து அவருக்குப் பக்கத்தில் மாடத்தில் இருந்தேன். என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியாமல், "அடுத்த தேர்தலுக்குப் பிறகு திரும்பக் கேக்கலாம், அக்கா" என்றேன்.

"கேப்பன்" என்றார். கீழே அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். அவர் இன்னும் அந்த வரிசைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கவலை இல்லை, ஏதோ கணக்குப் பார்த்து முடித்தவரின் திருப்திதான் இருந்தது.

"இத்தினை வருசமா எனக்கு இல்லை எண்டு சொன்ன ஒருத்தரும் தலை நிமிர்த்திப் பார்த்துச் சொன்னதில்லை, பரமேஸ். இண்டைக்கு எனக்கு இல்லை எண்டு சொல்ல, அவ்வளவு பேரும் கை உயர்த்த வேண்டி வந்தது."